செங்கவருக்கைப் பலகை

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீட்டுக்குத் தெற்கே நிற்கிற மாமரம் எதற்காக நிற்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பழம் தின்போம், ஊறுகாய் போடுவோம், நிழலில் ஸ்கூட்டரை நிறுத்துவோம். ஆனால் அந்த வீட்டில் ஒரு பெரியவர் கண்ணை மூடிவிட்டால் கோடாலி முதலில் தேடி வருவது அதைத்தான். சிதைக்கு மாவிறகுதான் வேண்டும். இதை மூடி மறைக்காமல் பேசிய ஒரே ஆள் என் அப்பா. எங்கள் செங்கவருக்கை மாமரம் காய்த்துக் குலுங்கும்போது விருந்துக்கு வந்தவர்கள் யாராவது மரத்தை மெச்சிவிட்டால் போதும், பழம் உங்களுக்கு, தடி எனக்கு என்று சொல்லிச் சிரிப்பார். அம்மா முகம் கறுத்துப்போகும். உடனே அவள் பக்கம் திரும்பி, நீ விசாரப்படாதே, உனக்குப் பின்பக்கத்தில் முருங்கை நிற்கிறது என்பார்.

அப்பாவுக்கு ஒரே தம்பி. சித்தப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். போக வர அதில் ஒரு சின்னத் தகரக் கதவு. சித்தப்பா சவூதியில் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனாலும், குழாய் ஒழுகினாலும், சுவரில் ஓர் ஆணி இறக்க வேண்டுமென்றாலும் அவர்தான். சாயங்காலம் நாலு மணிக்குத் தகரக் கதவு கிறீச்சிடும். அம்மா இரண்டு கிளாஸில் சாயா கொண்டு வைப்பாள். பிறகு அண்ணனும் தம்பியும் சண்டை பிடிப்பார்கள். வயலுக்கு எந்த நெல், சுசீந்திரம் தேருக்கு எந்த வழியாகப் போவது, ரேடியோவை யார் உடைத்தது, எதுவானாலும் சரி. ஒரு சண்டை போட்டு முடித்தால்தான் இருவருக்கும் சாயா குடித்த மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் கத்தாரில் இருப்பதால் நான் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறேன். பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுவிட்டு வந்தால் வீட்டில் இந்தக் கத்தல். வாயை மூடுங்கள் என்று இரண்டு பேரையும் எத்தனையோ நாள் அதட்டியிருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாளுக்கு நாள் மோசமாகி, மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். துக்கம் வந்தால் அவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது, ஏதாவது வேலை செய்ய வேண்டும். பந்தலுக்குச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

மத்தியானம் தாண்டி நர்ஸ் வந்து என்னை உள்ளே அழைத்தாள். அப்பா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டதும் விரலை ஆட்டினார். வெளியே வந்து சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் எடுத்தபோது பின்னால் மரம் பிளக்கிற சத்தம் டொக் டொக்கென்று கேட்டது. அப்பா முழித்துவிட்டார் சித்தப்பா என்று கத்தினேன். அவர் யாரிடமோ ஏதோ சொன்னார், கோடாலிச் சத்தம் நின்றது. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மழை கொஞ்சம் வெறித்ததும் சித்தப்பா ஆளைக் கூட்டி வந்து மரத்தைச் சாய்த்திருக்கிறார். கிளைகளும் நடுத்தடியும் விறகாகிவிட்டன. அடித்தடி ஒன்று மட்டும் பிளக்காமல் மிச்சம் கிடந்தது. மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு விறகு அடுக்கிய தம்பியை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது. கண்ணில் பட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவர் படவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

அப்பா தேறி வீட்டுக்கு வந்த அன்று நல்ல வெயில். காரிலிருந்து இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். நிழலாகக் கிடக்க வேண்டிய இடமெல்லாம் பளீரென்று இருந்தது. மரம் எங்கே என்று கேட்டார். காற்றில் விழுந்துவிட்டது என்றாள் அம்மா. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் போலிருக்கிறது, அவ்வளவு வேகமாகச் சொன்னாள். அப்பா பைய நடந்து மண்ணில் மிச்சம் நின்ற அடிக்குற்றிக்குப் பக்கத்தில் போனார். மரம் அறுக்கிற வாள் போட்ட வெட்டு, தட்டுப்போல வழுவழுவென்று இருந்தது.

"காத்துக்கு வாள் போடவும் தெரியுமா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு வெட்டியாச்சு, இல்லியா?"

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? யார் வெட்டியது என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு அம்மா பழக்கதோஷத்தில் இரண்டு கிளாஸ் கொண்டு வந்தாள். தகரக் கதவு அசையவில்லை. ஒரு கிளாஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் கதவு திறக்கவில்லை. வாரங்கள் போயின. தம்பிக்கு அண்ணன் முகத்தில் முழிக்க வெட்கம். அண்ணனுக்கோ மூத்தவன் நான் போய் அழைப்பதா என்கிற வீறாப்பு. ஆனால் நாலு மணியானால் அப்பாவின் காது மதில் பக்கம் போய்விடும். டிவியின் சத்தத்தைக் குறைப்பார். காற்றில் தகரம் லேசாகத் தட்டினாலும் தலை திரும்பும். மரம் போனது அவருக்குப் பெரிதில்லை, தம்பி போனதுதான் அவரை அரித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த மனிதர் இப்படியே சுவரைப் பார்த்துப் படுத்துத் தீர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

விறகு அடுக்கு பின்பக்கத்தில் கிடந்தது. அம்மாவுக்கு அதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, எங்கேயாவது ஒழித்துவிடு என்றாள். யார் வாங்குவார்கள்? சாயாக்கடைக்காரரிடம் சும்மா தருகிறேன் என்றேன். அவர் எந்த மரம் என்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். செங்கல் சூளைக்காரன் எதையும் எடுப்பான், ஆனால் அப்பா பேருக்கு வெட்டியதைச் சூளையில் போடவா என்று அம்மாவே அழுதாள். வைக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. ஒரு நாள் பெரிய மழை. மறுநாள் பார்த்தால் அடுக்கின்மேல் நீலத் தார்ப்பாய் போட்டு, மூலைக்கு மூலை கல் வைத்திருக்கிறது. நாங்கள் யாரும் போடவில்லை. பாயின் ஓரத்தில் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையின் பழைய கயிறு. இது வேறா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிளக்காத அடித்தடியில் பலகை அறுக்கலாம் என்று தோன்றியது எனக்குத்தான். போனில் பார்த்திருக்கிறேன்: மரத்தின் ஓரத்தைச் செதுக்கி நேராக்காமல், பட்டை இருந்த வளைவு அப்படியே தெரிகிற மாதிரி விட்டு, சுவரில் சாமான் வைக்கும் தட்டாக மாட்டியிருப்பார்கள். அழகாக இருக்கும். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா வைக்க ஒரு தட்டு வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டும் இருந்தாள். பலகை யோசனையை நான் சொன்னதும் அவளே குதித்தாள். சுடுகாட்டுக்குப் போக வேண்டியது வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள். கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அதுக்கு உரிமக்காரன் நானே வீட்டுக்குள்ள வந்து கெடக்கேன். அது வந்தா என்ன?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் இத்தனை தெம்பாகப் பேசியது அன்றுதான். அதற்காகவே இதைச் செய்து முடிப்பது என்று வைராக்கியம் வந்துவிட்டது.

டெம்போ பிடித்துத் தடியைத் திருவட்டாறு போகிற வழியில் உள்ள மர மில்லுக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து மில் என்றால் கதை தெரிந்திருக்கும். மில்லில் ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் பட்டையோடு, இரண்டு விரல் கனத்தில் ஒரு பலகை அறுத்துக் கொடுத்தார்கள். பட்டையையும் அதை ஒட்டிய இளமரமான வெள்ளையையும் தட்டித் தரட்டுமா என்று மில்காரர் கேட்டார். வேண்டாம் என்றதும் விவரம் தெரியாத பொம்பிளை என்பதுபோல் பார்த்தார். பச்சை மாம்பலகை. அவசரப்பட்டால் முறுக்கிக்கொள்ளும். கார் ஷெட்டில் செங்கல் வைத்து, குறுக்கே கம்புகள் போட்டு, அதன்மேல் காற்று ஓடப் படுக்க வைத்தேன். இரண்டு தலைப்பும் வெடிக்காமல் இருக்க மிச்சமிருந்த கேட் பெயின்டைப் பூசினேன். ஒரு பக்கமே காய்ந்துவிடாமல் அவ்வப்போது புரட்டிப் போட்டேன். வெள்ளையில் பூச்சி விழுந்து பொடி உதிர்ந்தபோது மருந்தடித்தேன். ஆசாரியை அழைத்தேன். பலகையைத் தடவிப் பார்த்தவர், இது அந்த மரம்தானே என்று கேட்டார். ஆமாம் என்றதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஆள் இருக்கும்போது வெட்டியதில் உளி வைக்க மாட்டேன் என்று போய்விட்டார். போனால் போகட்டும் என்று நானே இறங்கினேன்.

கோடை வந்து பலகை காய்ந்த பிறகு, லீவு நாட்களில் உட்கார்ந்தேன். பட்டை கையால் பிய்த்தாலே வந்தது. மிச்சத்தை உளியால் நெம்பிக் கம்பிப் பிரஷால் தேய்த்தேன். உள்ளே மரத்தின் மேனி அலையலையாக, அங்கங்கே சின்னச் சின்னக் குமிழ்களோடு இருந்தது. அதைத் தொடக் கை கூசியது. அவ்வளவு உயிராக இருந்தது. அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மரவேலையில் ஒரு மண்ணும் தெரியாது, வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டினவர். ஆனால் உத்தரவுக்குக் குறைச்சல் இல்லை. உப்புத்தாளை வட்டமாகத் தேய் என்பார். வட்டமாகத் தேய்த்தால் கீறல் விழும், ரேகை போகிற போக்கில்தான் தேய்க்க வேண்டும் என்பேன். டிரைவர் சொன்னால் கண்டக்டர் கேட்கணும் என்பார். அந்த மனிதர் மறுபடி சண்டை பிடிக்கத் தொடங்கியதில் எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் பலகையின் ஓரத்து வளைவைத் தடவிக்கொண்டே பேசினார். "ஆஸ்பத்திரியில கெடக்கும்போ எனக்கு ஒண்ணும் தெரியல்ல மக்கா. ஒரு பேடியும் பயமும் இல்ல. வீட்டுக்கு வந்து குற்றியப் பாத்தப்பதான், நான் செத்துப் போயிட்டனோண்ணு இருந்துது." நான் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன். சித்தப்பாவை நினைத்து, எல்லாம் அவரால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார். "அவன் சாயா குடிக்க வேற எங்க போறான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பொய்தான். எங்கேயும் போவதில்லை, அவர் சாயா குடிப்பதையே விட்டுவிட்டார் என்று சித்தி சொல்லியிருந்தாள். அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலகைக்கு எண்ணெய் ஏற்றினேன். வெளிறிக் கிடந்த மரத்தில் தேன் நிறம் எழும்பி, நடுவில் கறுப்பு ரேகைகள் ஓடின. இனி சுவரில் மாட்ட வேண்டும். எங்கள் வீடு பழைய செங்கல் வீடு, சுத்தியலால் ஆணி அடித்தால் காரைதான் பெயரும். டிரில் போட்டுத்தான் பலகையைத் தாங்குகிற இரும்பு ஆங்கிள் வைக்க வேண்டும். கோட்டாறில் டிரில் வாடகைக்குக் கிடைக்கும், எடுத்து வருகிறேன் என்று கிளம்பினேன்.

"வாடகைக்கெல்லாம் எடுக்காண்டாம்," என்றார் அப்பா. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "டிரில் அவன்கிட்ட கெடக்குல்லா" என்றார்.

எனக்கா போகப் பிடிக்கும்? அத்தனை மாதமும் அவர் முகத்தைப் பாராமல் கடந்து போயிருக்கிறேன். ஆனாலும் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். சித்தப்பா இளைத்துப்போயிருந்தார். எதற்கு என்று சொன்னேன், எந்தப் பலகை என்றும் சொன்னேன். அவர் உள்ளே போய் டிரில் பெட்டியைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் பெட்டியோடு வந்ததைப் பார்த்த அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மெஷின் வந்தால் போதுமா, பிடிக்க ஆள் வேண்டாமா, திரும்பக் கொண்டு கொடு என்றார். மறுபடி போனேன். அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். சித்தப்பா என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். பிறகு எனக்கு முன்னால் நடந்தார்.

உள்ளே வந்தவர் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவும் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே என்று என்னிடம் கேட்டார் சித்தப்பா. கட்டிலில் உட்கார்ந்தபடியே அப்பா கையை நீட்டினால் டப்பா எட்டுகிற உயரத்தில் நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அப்பா சீலிங்கிடம் சொன்னார்: "இன்னும் மேல."

சித்தப்பா ஒரு சாண் ஏற்றி விரல் வைத்தார். இன்னும் மேலே என்றார் அப்பா. கடைசியில் சித்தப்பாவின் தலைக்கும் ஒரு சாண் மேலே வந்து நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவும் நானும் குட்டை. அப்பாவுக்கோ சீக்குக்குப் பிறகு கை தோளுக்கு மேல் தூக்க வராது. எங்கள் குடும்பத்தில் பனைமாதிரி வளர்ந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அங்கே கொண்டு வைத்தால் மாத்திரையை எவர் எடுப்பது, ஏணி போடவா என்று கத்தினேன்.

"எட்டுறவன் எடுப்பான்," என்றார் அப்பா.

சித்தப்பா துளை போட்டார். செம்பொடி அவர் தலையெல்லாம் விழுந்தது. செங்கல் பொடிந்து துளை பெரிதாகி, ஸ்க்ரூவுக்காகச் செருகிய பிளாஸ்டிக் குப்பி ஆடியது. மர ஆப்பு அடித்தால்தான் ஸ்க்ரூ நிற்கும் என்று முனகிவிட்டு, ஒரு துண்டு விறகு தேடிப் பின்பக்கம் போனார். வெகு நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தார்ப்பாயைப் பாதி விலக்கி, அந்த அடுக்கிலிருந்து எடுத்த ஒரு சிராயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்ததும் அதைச் சீவவில்லை. கட்டில் கால்மாட்டில் அப்படியே நின்றார்.

"அண்ணே, மழ வரும்ணு சொன்னாவ. அதான் அண்ணே. நான் வேற ஒண்ணும் நெனைக்கல்ல." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அத்தனை பெரிய ஆள், குழந்தைமாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார்.

அப்பா அப்போதுதான் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நனைஞ்ச வெறகுல நான் கெடந்து பொகையப்பிடாதுண்ணு உனக்குத்தானலே தோணிச்சு. வேற யாருக்குத் தோணும்?" என்றார். மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி, "பாக்கியுள்ளத நனையாமப் பாத்துக்கோ. எனக்கு வேணும். அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மழையில் போட்டிருந்த தார்ப்பாய் நினைவுக்கு வந்தது. அத்தனை மாதம் சுமந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் நின்றேன். சித்தப்பா கீழே உட்கார்ந்து அந்தச் சிராயைச் சீவி ஆப்பாக்கிச் சுவரில் அறைந்தார். ஸ்க்ரூ இரும்பில் இறங்கியதுபோல் நின்றது. பலகையை மேலே தூக்கி வைத்து, அந்த வளைந்த ஓரம் கட்டிலைப் பார்க்கும்படி திருகினார். மாத்திரை டப்பாவை நான் கொடுக்க, அவரே அதன்மேல் வைத்தார். டிரில் பெட்டியை எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

மறுநாள் நாலு மணிக்கு அம்மா ஒரு கிளாஸ் சாயா கொண்டு வந்தாள். மாத்திரை போட்ட பிறகுதான் சாயா என்றார் அப்பா. நான் ஸ்டூலை இழுத்தேன். நீ சும்மா இரு என்று அதட்டினார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாயாவில் ஆடை கட்டிவிட்டது. வராமல் போனால் இந்தக் கிழவர் என்ன ஆவார் என்று மதில் பக்கம் எட்டிப் பார்த்தேன். அப்பா மட்டும் சுவரில் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தகரக் கதவு கிறீச்சிட்டது. சித்தப்பா உள்ளே வந்து, நேரே போய், எக்காமல் கையை நீட்டி டப்பாவை எடுத்தார். கண்ணாடி கொண்டு வராததால் மாத்திரை அட்டையைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, இது காலையில் போடுகிற மாத்திரை அல்லவா என்றார். உனக்கு எந்தக் காலத்தில் படிக்கத் தெரிந்தது என்று அப்பா தொடங்கினார். அம்மா இன்னொரு கிளாஸ் எடுக்க உள்ளே போனாள்.